பானை குளிராத மே மாதம்

பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்தில் இருக்கும் சிரியத்திலிருந்து (இப்போதைய தன்லின்) ஒருவர் கேட்டிருப்பது இது. மே 20 தாண்டிவிட்டது, மழைக்காலம் இன்னும் இறங்கவில்லை. ஏப்ரலில் 39, 40 என்று காட்டிய வெப்பமானி இப்போது 33, 34-தான் காட்டுகிறது. ஆனால் இப்போதுதான் தாங்கவே முடியவில்லை. மண்டலேயில் சித்தப்பா வீட்டுப் பக்கம் 43, 44 அடிக்கிறது, அங்கே மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறதாம். இங்கேயும் அதே, துவாண்டே ஊரில் செய்த மண்பானைதான், தண்ணீரோ வெதுவெதுப்பு. ஏன் இப்படி? வீட்டில் 74 வயது அம்மா இருக்கிறார், இன்சுலின் போடுகிறவர், பிரஷர் மாத்திரையும் உண்டு. வீடு தகரக் கூரை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

விடை அந்தப் பானையிலேயே இருக்கிறது. மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளிப்பக்கம் ஈரமாகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று காய்ந்திருந்தால் ஈரத்தை விறுவிறுவென்று இழுக்கும், பானை நன்றாகக் குளிரும். காற்றிலேயே நீராவி நிரம்பிக் கிடந்தால் இழுக்க இடமில்லை. பானை நசநசவென்று நின்றுவிடும். ஈரமான ஒரு பொருள், காற்று வீச வீச, கடைசியாக எந்த அளவு வரை குளிர முடியுமோ அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். மண்டலேயில் 44 டிகிரி, ஈரப்பதம் 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் இது 23 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பானை அந்த அடிமட்டம் வரை போகாது. நல்ல நிழலில், காற்றோட்டத்தில் வைத்தால் அதற்குச் சில டிகிரி மேலே நிற்கும். 44-ல் அலைந்துவிட்டு வந்தவருக்கு 27 டிகிரித் தண்ணீர் அமிர்தம்தான். சிரியத்தில் 33 டிகிரி, ஈரப்பதம் 80 என்றால் ஈரக்குமிழ் அளவு 30. எவ்வளவு நல்ல பானையானாலும் 30-க்குக் கீழே இறங்காது. பானை செய்தவர் மேல் குற்றமில்லை.

நம் உடம்பும் அந்தப் பானை மாதிரிதான். ஒரு லிட்டர் வேர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூடு உடம்பைவிட்டுப் போகும். அதே ஒரு லிட்டர் ஆவியாகாமல் முதுகில் வழிந்து கைலியை நனைத்தால், உடம்பு தண்ணீரையும் உப்பையும் இழந்ததுதான் மிச்சம். 35 டிகிரித் தோலிலிருந்து நீராவி காற்றுக்குப் போகும் இழுவையைக் கணக்கிட்டால், மேலே சொன்ன மண்டலேக் காற்றில் அது சிரியத்துக் காற்றைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். ஈரக்குமிழ் அளவு 35-ஐத் தொட்டால் யார் உடம்பும் தன்னைத் தானே குளிர்விக்க முடியாது என்பது ஏட்டுக் கணக்கு. இளவயதினரை, நோயில்லாதவர்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஈரம் மிகுந்த காற்றில் 30, 31-லேயே உடம்பின் உள்வெப்பம் ஏறத் தொடங்கிவிட்டது. அப்படியென்றால் 74 வயதில் எல்லை இன்னும் கீழே. உங்கள் வெப்பமானி 33 என்று சொல்வது பொய்யில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டிய எண் அது இல்லை, அவ்வளவுதான்.

அதற்காக மண்டலேயில் இருப்பவர்களுக்கு ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே காற்றே தோலைவிடச் சூடு. ஒவ்வொரு நிமிடமும் உடம்புக்குள் சூட்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். வேர்வை வந்த கணமே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்பது தெரியாமலே ஆள் வற்றிப்போவார். நம் மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு: மண்டலேயில் இருப்பது வெக்கை, சிரியத்தில் இருப்பது புழுக்கம். ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் இன்னொன்றுக்குப் பல இடங்களில் நேர் எதிராகிவிடும். ‘ஜன்னலை அடைத்து வை’, ‘ஃபேன் போடாதே’, ‘ஈரத்துணி தொங்கவிடு’ என்று போனில் சுற்றும் அறிவுரைகள் குழப்புவதற்கு இதுதான் காரணம். எல்லாம் ஏதோ ஓர் ஊருக்குச் சரி.

இனி, கோடையின் கடைசியில் ஏன் இப்படி முற்றுகிறது என்பதற்கு வருவோம். நம் ஆட்கள் சித்திரை 21-லிருந்து வைகாசி 14 வரை கத்திரி என்று கணக்கு வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் வருவது ஏப்ரலிலேயே முடிந்துவிடும். பர்மாவுக்குத்தான் கத்திரிக் கணக்கு அப்படியே பொருந்துகிறது. ரங்கூனுக்கு நேர் மேலே சூரியன் வருவது மே 7-ஐ ஒட்டி, அதாவது கத்திரி பிறந்த சில நாளில். மண்டலேக்கு மே 31, ஜூன் 1 வாக்கில், கத்திரி முடிந்த கையோடு. மே முதல் வாரத்தில் ரங்கூனில் நண்பகல் 12 மணியை ஒட்டி ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள், நிழலே விழாது. இந்த உச்சச் சூரியனை வழக்கமாக மறைப்பது மேகம். தென்மேற்குப் பருவக்காற்று மே பிற்பாதியில் கீழ்ப்பர்மாவை, அதாவது ரங்கூன், சிரியம் இருக்கும் தென்பகுதியைத் தொட்டு, ஜூன் தொடக்கத்துக்குள் வடக்கே ஏறிவிடும். அது பத்து நாள் தாமதித்தால் என்ன ஆகும்? ஆண்டிலேயே செங்குத்தான வெயில், மறைக்க மேகமில்லாமல், நவம்பரிலிருந்து காய்ந்து கிடக்கும் மண்ணில் விழும். மண்ணில் ஈரம் இருந்தால் வெயிலின் ஒரு பங்கு அதை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் இல்லாத மண்ணில் முழுப் பங்கும் காற்றைச் சூடேற்றப் போகிறது.

இது மத்திய பர்மாவின் கதை. மேற்கே நிற்கும் அரக்கான் யோமா மலைத்தொடர் மழையைத் தடுத்துவிடுவதால் சாவுக், மக்வே, மியின்மு, மண்டலே வட்டாரம் எப்போதுமே வறண்ட பூமி. கீழ்ப்பர்மாவில் வேறொன்று நடக்கிறது. பருவமழை இறங்குவதற்கு முன்பே காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும். மே மாதத்தில் அந்தமான் கடலும் வங்கக் கடலும் 30 டிகிரிச் சூட்டில் இருக்கின்றன. அங்கிருந்து நீராவி சுமந்த காற்று கரையேறுகிறது. ஆனால் மேலே காய்ந்த சூடான காற்று ஒரு மூடி போலக் கிடந்தால், கீழே வந்த ஈரக்காற்று உயர்ந்து மழையாக முடியாது. மாலையில் மேகம் திரளும், இடி இடிக்கும், நாலு சொட்டுப் போட்டுக் கலைந்துவிடும். ஈரம் வந்தாயிற்று, மழை வரவில்லை. இந்த இடைவெளி எவ்வளவு நாள் நீள்கிறதோ அவ்வளவு நாள் புழுக்கம். ஒரு மழை அடித்துவிட்டு மறுநாள் வெயில் காய்ந்தால் அதுதான் எல்லாவற்றிலும் மோசமான நாள்: தரை ஈரம் முழுவதும் காற்றுக்குப் போய்ச் சேரும்.

இந்தப் பின்னணியில் 2024-ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 28 அன்று சாவுக் ஊரில் 48.2 டிகிரி. பதிவு தொடங்கிய 56 ஆண்டுகளில் ஏப்ரல் மாதத்தில் இவ்வளவு கண்டதில்லை என்று வானிலைத் துறை அறிவித்தது. அதே நாளில் மண்டலே 44, ரங்கூன் 40. அதற்கு முன் நாட்டின் உச்சமாகச் சொல்லப்பட்டு வந்தது 2010 மே 14 அன்று மியின்முவில் பதிவான 47.2, கவனியுங்கள், அது மே நடுப்பகுதி, மழை நெருங்க வேண்டிய நேரம். 2010, 2024 இரண்டுமே, பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ முந்தைய குளிர்காலத்தில் உச்சத்தில் இருந்து, அதற்கு அடுத்து வந்த கோடைகள். ஆனால் எல் நினோ மேல் மட்டும் பழியைப் போட முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் டாக் நகரில் 45.4 பதிவானது 2023 ஏப்ரலில், எல் நினோ பிறப்பதற்கு முன்பே. அடித்தளமே உயர்ந்துவிட்டது: 2024-ல் உலகச் சராசரி, 1850 முதல் 1900 வரையிலான காலத்தைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல். எல் நினோ அந்த மேட்டின் மேல் ஏறி நின்று எட்டிப் பிடிக்கிறது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு விவரம் மனத்தில் இருக்கட்டும். வானிலைத் துறையின் எண் நிழலில், தரையிலிருந்து ஓர் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், நாலு பக்கமும் காற்று புகும் வெள்ளைப் பலகைப் பெட்டிக்குள் எடுத்தது. காரின் கண்ணாடிக்குப் பக்கத்தில் 52 என்று காட்டும் படங்கள் அந்த உலோகத்தின் சூட்டைச் சொல்கின்றன. ஒப்பிட அவை உதவாது. அதே சமயம், உங்கள் தகரக் கூரைக்கடியில் பிற்பகல் இரண்டு மணிக்கு இருக்கும் சூடும் வானிலைத் துறையின் எண்ணில் இல்லை. அதை நீங்களே அளக்க வேண்டும்.

அளப்பது எளிது. சிவப்புத் திரவம் உள்ள சாதாரண அறை வெப்பமானி ஒரே மாதிரி இரண்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் கருவி உதவாது. அது 35-லிருந்துதான் தொடங்கும், ஏறினால் உதறாமல் இறங்கவும் இறங்காது. முதலில் இரண்டையும் ஒரு மணி நேரம் அருகருகே தொங்கவிட்டு ஒரே எண் காட்டுகின்றனவா என்று பாருங்கள். அரை டிகிரி, ஒரு டிகிரி வேறுபட்டால் அதைக் குறித்துக் கழித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒன்றின் குமிழில், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வெள்ளை வேட்டித் துணியை ஒரே சுற்றாகச் சுற்றி நூலால் கட்டி, துணியின் வாலை ஒரு சின்ன பாட்டில் நீரில் விடுங்கள். மழைநீர் அல்லது பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர்தான் நல்லது. கிணற்று நீரின் உப்பு நாலு நாளில் துணியை அடைத்துவிடும், பிறகு அது கூடுதலாகக் காட்டும். ஐந்து நிமிடம் விசிறியால் வீசுங்கள். இறங்கி இறங்கி ஓரிடத்தில் நிற்கும், அதுதான் ஈரக்குமிழ் அளவு. வீசாமல் பார்த்தாலும், வெயில் படும்படி வைத்தாலும் எண் தப்பு. துணி காய்ந்திருந்தால் இரண்டும் ஒரே எண் காட்டும். அதைப் பார்த்து நூறு விழுக்காடு ஈரப்பதம் என்று பயந்துவிடாதீர்கள்.

அம்மா படுக்கும் இடத்தில், அவர் படுக்கும் உயரத்திலேயே இதை வைத்து, காலை 6, பிற்பகல் 2, இரவு 10 என்று மூன்று வேளை எழுதி வையுங்கள். அவர் வயதுக்கு நான் சொல்லும் அளவு: ஈரக்குமிழ் 27-ஐத் தாண்டினால் அடுப்பு வேலை, துணி துவைப்பது எல்லாம் வேறொருவர் கைக்கு மாற வேண்டும். 29-ஐத் தாண்டினால் அவரைத் தனியாக விடக் கூடாது. இரவு 10 மணிக்கும் 28-க்குக் கீழே வராமல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால், அதுதான் எச்சரிக்கை மணி. பகலில் ஏறிய சூட்டை உடம்பு இறக்கி வைப்பது இரவில்தான்; அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் கடன் வட்டி போல ஏறிக்கொண்டே போகும். நாலாம் நாள் பகலில் விழுகிறவர்கள் உண்மையில் மூன்று இரவுகளால் விழுகிறார்கள்.

வீட்டுக்கு வருவோம். சிரியத்தில் வெளியே 33, தகரத்துக்கடியில் 38 என்றால் ஜன்னல், கதவு எல்லாம் பகல் முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். மண்டலேயில் செங்கல் வீட்டில் உள்ளே 35, வெளியே 44 என்றால் காலை எட்டரைக்கு அடைத்து, மாலையில் வெளிச்சூடு உள்சூட்டைவிட இறங்கிய பிறகே திறக்க வேண்டும். விதி ஒன்றுதான்: எந்தப் பக்கம் குளிர்ச்சியோ அந்தப் பக்கத்துக் காற்று வரட்டும். ஃபேனும் அப்படியே. சுமார் 38 டிகிரி வரை வயதானவர்களுக்கு ஃபேன் காற்று நல்லதே. ஈரக்காற்றில் அது இன்னும் அவசியம், ஏனென்றால் தோலை ஒட்டி நிற்கும் ஈரப்படலத்தை அது விலக்குகிறது. 40-க்கு மேல் காய்ந்த தோலில் ஃபேன் வைத்தால் அடுப்புக்கு ஊதுகுழல் வைத்தது போல. மண்டலேயில் ஃபேன் போட வேண்டுமென்றால் கை, கால், கழுத்தை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரியத்தில் அறைக்குள் ஈரச்சாக்கு தொங்கவிடுவது வீண். இருக்கிற ஈரத்தைக் கூட்டும். நனைக்க வேண்டியது தோலை.

கரண்ட் போனால் ஃபேனுக்கு 12 வோல்ட் பேட்டரி போதும். 15 வாட் டிசி ஃபேன் ஒன்றுக்கு 12 வோல்ட், 20 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி சரி. அதில் 240 வாட்-மணி இருக்கும். பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 120. அது ஒரு ஃபேனை எட்டு மணி நேரம், ஓர் இரவு முழுக்க, ஓட்டும். கரண்ட் வரும்போது 4 ஆம்பியர் சார்ஜரில் மூன்று மணி நேரத்தில் அந்தப் பாதியை நிரப்பிவிடலாம். பலர் செய்யும் தப்பு, இன்வெர்ட்டர் வைத்துச் சாதாரண 60 வாட் ஃபேனை ஓட்டுவது. அதே பேட்டரி இரண்டு மணி நேரம்கூட நிற்காது. ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வாசல் தாண்டி, ஜன்னலுக்குக் காற்று வராத பக்கம் வைக்க வேண்டும். வராந்தாவிலோ படிக்கட்டுக்கடியிலோ வைத்தால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும்.

கொசுவலை காற்றைப் பெரிதும் தடுக்கும். அதற்காக வலையை எடுத்துவிடாதீர்கள், ஃபேனை வலைக்கு ஒரு முழ தூரத்தில் நெருக்கி வையுங்கள். மெத்தையைவிடப் பாய் நல்லது, மாடியைவிடத் தரைத்தளத்தில் படுப்பது நல்லது.

தகரக் கூரைதான் உங்கள் வீட்டின் பெரிய எதிரி. துருப்பிடித்த தகரம் மதியத்தில் 60 டிகிரியைத் தாண்டும். அது கீழே இருப்பவர் மேல் அடுப்புத் தணல் போலக் கதிர்வீசுகிறது. புதுத் தகரம் பளபளவென்று வெயிலைத் திருப்பி அனுப்பினாலும், வாங்கிய சூட்டை வெளியே விடுவதில் கஞ்சன். ஆகவே அதுவும் சுடும். வெள்ளைப் பூச்சு இரண்டு வேலையும் செய்யும். ஆனால் சுண்ணாம்பு வேண்டாம். செங்கல், சிமெண்ட் மாடிக்குச் சுண்ணாம்பு நல்லது, தகரத்தில் அதன் காரம் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும், முதல் மழையில் உரிந்தும் போகும். வெளிச்சுவருக்கு அடிக்கும் வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட் வாங்குங்கள். ஒரு லிட்டர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். 6-க்கு 5 மீட்டர் கூரை என்றால் இரண்டு பூச்சுக்கு 6 லிட்டர், நெளிவுக்கும் சொரசொரப்புக்கும் இன்னும் ஒரு லிட்டர். கம்பிப் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, சோப்புத்தூள் போட்டுக் கழுவி, துரு இடங்களில் ரெட் ஆக்சைடு தடவிக் காயவிட்டுப் பிறகு அடியுங்கள். காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். சுடும் தகரத்தில் அடித்தால் கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிக்கொள்ளும். இரண்டு நாள் மழை இல்லாமல் வேண்டும், ஆகவே மே கடைசியில் வானம் பார்த்துத்தான். புதுத் தகரமென்றால் ஒரு மழைக்காலம் நனைந்து மங்கிய பிறகு அடியுங்கள். ஏறுகிறவர் ஆணி வரிசை பார்த்து, அடியில் சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும்.

பெயிண்டுக்கு வழியில்லை என்றால் மூங்கில் பாயைத் தகரத்துக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அந்த இடைவெளியின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், சூடான காற்று வெளியேறத்தான் அந்தச் சாண். தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் பாதிப் பலன்கூட இல்லை. மின்கம்பி ஓடும் பக்கம் பாய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மா. வயதானால் தாகம் மழுங்கிவிடும், ‘வேண்டாம்’ என்பார். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை ஒரு டம்ளர் கையில் கொடுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, தேயிலைச் சாயம் போல இருந்தால் பற்றாது. அவருக்குச் சர்க்கரை இருப்பதால் பானகம், சர்பத், டப்பாப் பால் ஊற்றிய டீ எல்லாம் தள்ளி வையுங்கள். நீர் மோர், கொஞ்சம் நீராகாரம், வெறும் தண்ணீர் போதும். பிரஷர் இருப்பதால் மோரில் உப்பு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். இதயமோ சிறுநீரகமோ கெட்டு, இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருந்தால், கோடைக்கு அந்த அளவை மாற்றலாமா என்று அவரிடமே கேளுங்கள். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டி உடம்பு நீரை இறக்குபவை. இந்த நாட்களில் அவை ஆளைத் தள்ளாட வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர். ஆனால் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது, வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் உப்பு இறங்கி அதுவே மயக்கம் தரும். நாள் முழுக்க வேர்த்தவருக்கு ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. வேலைக்குப் புதிதாக வருகிறவரை முதல் நாளே முழு நேரமும் வெயிலில் நிறுத்தாதீர்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டுங்கள். உடம்பு பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் பிடிக்கும்.

இன்சுலின் விஷயத்தில்தான் பானையைப் பற்றிய விவரம் உயிர்காக்கும். பிரிக்காத குப்பி 2-லிருந்து 8 டிகிரியில் இருக்க வேண்டும். பிரித்தது பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும். அட்டையில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை. கரண்ட் இல்லாத வீட்டில் இரட்டைப் பானைக்கு நடுவில் ஈரமணல் போட்டு வைக்கச் சொல்வார்கள். மண்டலேக்கு அது அருமையான வழி. சிரியத்தில் மே கடைசியில் அதே பானை 30-க்கு மேலே நிற்கும், நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இங்கே வாய் அகன்ற தெர்மாஸ் பிளாஸ்க்தான் சரி: அடியில் பனிக்கட்டிப் பொட்டலம், மேலே இரண்டு மடிப்புத் துண்டு, அதன்மேல் குப்பி. குப்பி பனிக்கட்டியைத் தொடக் கூடாது. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொன்று: சூடான தோலில் இன்சுலின் வேகமாக உடம்பில் சேரும், புழுக்கத்தில் பசியும் குறையும், இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். சரியாகச் சாப்பிடாத நாளில் ஊசிக்கு முன் அளந்து பாருங்கள்.

ஹீட் ஸ்ட்ரோக்கின் அடையாளம் காய்ந்த தோல் என்று பலர் நம்புகிறார்கள். புழுக்கத்தில் ஆள் வேர்த்துக்கொண்டே விழுவார். உண்மையான அடையாளம் பேச்சும் புத்தியும்: இன்று என்ன கிழமை, மதியம் என்ன சாப்பிட்டோம் என்று கேளுங்கள். குழறினாலோ, தப்பாகச் சொன்னாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ, தள்ளாடினாலோ, உடம்பும் கொதித்தால், வெப்பமானி தேட வேண்டாம். குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் ஒருவர் சர்க்கரையைப் பார்க்கட்டும், மற்றவர் குளிர்விக்கத் தொடங்கட்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. பெரிய தார்ப்பாய் ஒன்றை விரித்து நடுவில் கிடத்தி, நாலு பேர் நாலு முனையைத் தொட்டில் போலத் தூக்கிப் பிடிக்க, இருபது முப்பது லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். கிடைத்தால் பனிக்கட்டியை உடைத்துப் போட்டு, தண்ணீரை உடம்பின்மேல் அலையவிடுங்கள். தலையை ஒருவர் கையில் ஏந்தி முகம் நீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். தார்ப்பாய் இல்லாவிட்டால் உடம்பு முழுக்க நனைத்து, நிறுத்தாமல் விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் பனிக்கட்டி. அரை மணி நேரத்துக்குள் 39-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு மிகவும் கூடும். நடுக்கம் எடுத்து, தெளிவாகப் பேசத் தொடங்கியதும் நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு. வண்டி முன்பே வந்துவிட்டால் வண்டியிலும் நனைப்பது நிற்கக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது, ஈரலுக்குக் கேடு. நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

தண்ணீர் சேமிப்பில் இரண்டு எச்சரிக்கை. மொட்டைவெயிலில் நிற்கும் கறுப்புத் தொட்டியின் நீர் பிற்பகலில் குளிக்க ஆகாது. குழாயைத் திறந்ததும் வரும் முதல் வாளி குழந்தைத் தோலைச் சுடும். அதிகாலையிலேயே இரண்டு வாளி பிடித்து வீட்டுக்குள் நிழலில் வைத்துவிடுங்கள். குடம், அண்டா, பீப்பாய் எல்லாவற்றையும் துணி கட்டி மூடி, வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு முட்டையிடுவது நீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில். நீரை மட்டும் கொட்டினால் முட்டை போகாது. மழை தொடங்கும்போது டெங்குவும் ஏறும் ஊர் இது.

சித்திரை, வைகாசியில் திருவிழா வைத்திருக்கும் கோயில்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெறுங்காலோடு நடக்கும் பிராகாரத்தில் கறுப்புக் கல், சிமெண்ட் பகுதியில் ஈரச்சாக்கு விரித்து, அரை மணிக்கு ஒரு முறை அதை நனைத்துவிடுங்கள். கால் உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் சுடுவதே தெரியாமல் நடந்து கொப்புளத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள். கஞ்சி வார்ப்பதைக் காலை ஒன்பதுக்குள் முடித்தால், பெரிய அடுப்பு முன்னால் நிற்கிறவர்கள் பிழைப்பார்கள். தண்ணீர்ப் பந்தலை மாலை வரை விடாமல் வையுங்கள்.

பருவமழை எப்போது நிலையாக இறங்கும் என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு பார்க்கலாம். மாலையில் மட்டும் மேகம் கூடி, காற்று திசை மாறி மாறி அடித்து, இடியோடு அரை மணி பெய்து விட்டால் அது கோடைமழை. தென்மேற்குக் காற்று இரவு பகலாக மூன்று நாள் விடாமல் வீசி, காலையிலும் வானம் மூடியிருந்து, இடி குறைந்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை தூறலும் பெருமழையுமாக வந்தால் பருவமழை. முதலாவதை இரண்டாவதாக எண்ணி, ‘மழை வந்துவிட்டது’ என்று பேட்டரியை எடுத்து வைத்துவிடாதீர்கள். அந்த மழைக்கு அடுத்த இரண்டு வெயில் நாட்களில்தான் உங்கள் ஈரத்துணி வெப்பமானி ஆண்டின் உச்சத்தைக் காட்டும். இரவு 10 மணி அளவு தொடர்ந்து நாலு நாள் 26-க்குக் கீழே வந்த பிறகு வேறு இடத்துக்கு மாற்றியிருந்த அம்மாவின் படுக்கையைத் திரும்ப அவர் அறைக்கே கொண்டுபோகலாம்.